லேசான ரோஸ் போதுமாம்!

போன வாரம் ஒரு நாள் எனக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை. அன்று என் தங்கை சரோஜாவுக்கு பி.யூ.சி. கெமிஸ்ட்ரி பிராக்டிகல்!

பரீட்சை அவளுக்கு, நடுக்கம் எனக்கு. பெயிலானால் படிப்பு போதும், கல்யாணம்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். சொன்னால் சொன்னதுதான்.

ஒரு மாதமாக வீடெல்லாம் லேப் பேச்சு. பிப்பெட்டால் ஆசிடை உறிஞ்சிக் கூம்புக் குடுவையில் விட வேண்டும். அதில் இண்டிகேட்டர் ஒரு சொட்டு. பிறகு ப்யூரெட்டிலிருந்து காஸ்டிக் சோடா... சொட்டுச் சொட்டாக. லேசாக ரோஸ் தட்டியதும் நிறுத்து — அதுதான் எண்ட் பாயிண்ட். கேட்டுக் கேட்டு நானே பாஸ் செய்திருப்பேன்!

சாயங்காலம் வந்தாள். முகமே சரியில்லை.

"என்னடி ஆச்சு?"

"லேசா ரோஸ் வந்துச்சுக்கா. ஆனா கை நிக்கல. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு உட்டுக்கினே இருந்துட்டேன்..."

பின்னே? நிறம் வெளிறியிருந்தால் வேலை பாதியில் நிற்கிறது என்றுதானே எங்கள் வீட்டில் அர்த்தம்?

பரீட்சகர் குடுவையைத் தூக்கிப் பார்த்து, "இது என்னம்மா, கல்யாணப் புடவையா?" என்றாராம். கொட்டிவிட்டு மறுபடி செய்யச் சொன்னாராம். இரண்டாவது தடவை சரியாக நிறுத்திவிட்டாள். ரீடிங்கைச் சரிபார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாஸா, பெயிலா? அவளுக்கே தெரியவில்லை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். முழங்கை வரை அரக்குச் சாயம்.

"கலரு திட்டு இல்லாம ஒரே சமமா இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா."

"அப்புறம் என்னா கொறையாம் அந்த ஆளுக்கு? எம் பொண்ணு அவ்ளோ நல்லா ஏத்தியிருக்குது, அதைப் போயி கொட்டச் சொன்னானா? பெயில் போட்டா போடட்டும். அடுத்த தபா எழுதும்மா. கல்யாணத்துக்கு இப்ப என்னா அவசரம்?"

சரோஜா அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்பாக்களின் சட்டதிட்டமெல்லாம், பெற்ற பெண்ணை வெளியாள் ஒருவர் குறை சொல்லும்வரைதான் போலிருக்கிறது!

ரிசல்ட் எப்படி வந்தாலும் எங்களுக்கு இனிக் கவலையில்லை. அந்தப் பரீட்சகர் மட்டும் கொஞ்ச நாளைக்குப் பிள்ளையார்பாளையம் பக்கம் வராமலிருப்பது அவருக்கு நல்லது.