மூன்று பூட்டும் ஒரு பீரோ சாவியும்

சாவியைத் துளைக்குள் விட்டுக் கால் சுற்றுத் திருப்பியதும் கண்ணை மூடிக்கொள்வார். தலை ஒரு பக்கம் சாயும். "ம்... சொல்லு மாப்ளே, எங்க வலிக்குது?" என்பார். கேட்பது பூட்டிடம். பழைய கார்களுக்குப் பூட்டு மாற்றித் தருவது இவர் தொழில். பார்க்கிற பூட்டையெல்லாம் மாப்பிள்ளை என்று கூப்பிடப்போய், கடைசியில் ஊரே இவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. கல்யாணமே ஆகாத மாப்பிள்ளை. சொந்தக் கடைக்குப் பூட்டு கிடையாது, ஒரு சணல் கயிறுதான். ஏன் என்றால், "பூட்டைப் பார்த்தா கை சும்மா இருக்காதுங்க. பிரிச்சுப் பார்த்துட்டு வீட்டுக்குப் போக நேரமாயிடும்" என்பார்.

ஐம்பத்தைந்து வயது, நல்ல தொப்பை, காதில் செருகிய பென்சில். அது எழுதுவதற்கல்ல. பென்சில் கரியைச் சாவியில் தேய்த்தால் இறுகிய பூட்டும் வழுக்கிக்கொண்டு திறக்குமாம். பூட்டைப் பிரிக்கும்போது இரண்டு கையையும் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொள்வார். உள்ளேயிருக்கும் கடுகளவு ஸ்பிரிங் துள்ளினாலும் பையைத் தாண்டாது.

ஒரு கர்வமும் உண்டு. பூட்டுக்குள் தேய்ந்திருக்கும் தகடுகளைப் பார்த்தே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். "இது இடது கைக்காரர் வண்டி." "இவங்க வீட்ல சண்டை போட்டுட்டுதான் வண்டி எடுப்பாங்க." முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்பார், கேட்காதவர்களிடமும்.

போன வாரம் என் பக்கத்து வீட்டுக்கு வந்தார். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆறடி உயரம். அவருடைய காருக்கு நாற்பது வயது. எந்தச் சாவியைப் போட்டாலும் கதவு திறக்கும். ஒரு நாள் யாரோ ஒரு மனிதர் தன் கார் என்று நினைத்து ஏறி, தெருமுனை வரை போய்விட்டு அசடு வழியத் திரும்பி வந்தார். பள்ளத்தில் இறங்கினால் டிக்கி வாயைப் பிளக்கும். வண்டி ஓடும்போதே சாவி கையோடு வந்துவிடும்.

"மூணு பூட்டையும் மாத்துப்பா. மூணுக்கும் ஒரே சாவி. ரெண்டு சாவி செய், ரெண்டும் என்கிட்டதான் இருக்கணும்" என்றார் தலைமையாசிரியர்.

இங்கே ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். என் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்திருப்பது என் தப்பல்ல. மத்தியானம் தலைமையாசிரியர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுப் படுத்ததும், அவர் தோளுயரம்கூட இல்லாத மனைவி, பீரோ சாவியைப் போட்டுக் காரைக் கிளப்பிவிடுவார்! போவது படுத்த படுக்கையாக இருக்கும் தன் அக்காவைப் பார்க்க. அந்த அக்கா புருஷனுக்கும் தலைமையாசிரியருக்கும் இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. நாலு மணிக்குள் கார் பழைய இடத்தில் சமர்த்தாக நிற்கும். புதுப் பூட்டு வந்துவிட்டால் அந்தப் பீரோ சாவி பீரோவை மட்டும்தான் திறக்கும்.

அன்று இருக்கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மாப்பிள்ளை தொப்பையை எக்கி உள்ளே நுழைந்து, ஸ்டார்ட் செய்யும் பூட்டைக் கழற்றி வந்து வாசல்படியில் உட்கார்ந்து பிரித்தார். நான் மதில் மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்தேன்.

"ஐயா, இங்க பாருங்க. இது உங்க சாவி போற தடம். பக்கத்துல இன்னொண்ணு ஓடுது பாருங்க. சின்னச் சாவி, பீரோ சாவியாட்டம். தினம் தினம் போயிருக்கு!"

தேநீர் கொண்டுவந்த அந்த அம்மா நிலைவாசலிலேயே நின்றுவிட்டார். தட்டில் டம்ளர் கடகடத்தது.

"பீரோ சாவியா? யாரு போட்டது?" தலைமையாசிரியரின் குரல் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டது.

மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார். அந்த அம்மாவின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அவர் வாயிலேயே ஒன்று போடலாம் போல இருந்தது.

"இருங்க, இருங்க..." பென்சிலை எடுத்து மறு காதில் செருகினார். "தப்பாச் சொல்லிட்டேங்க. இது துரு அரிச்ச கோடு."

"முப்பது வருஷமா தப்பினதே இல்லைன்னியே?"

"இன்னிக்குத் தப்பிடுச்சுங்க."

"பெரிய ஜோசியக்காரன்!" தலைமையாசிரியர் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். மாப்பிள்ளையின் காது மடல் சிவந்துவிட்டது. பாவம், அந்தக் கர்வத்தைத் தவிர மனிதரிடம் வேறு சொத்து இல்லை.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தேடி உள்ளே போனதும் அந்த அம்மா கிசுகிசுத்தார். "நான் போனாத்தாங்க எங்க அக்கா ஒரு வாய் சாப்பிடுவா."

"அந்தக் கொத்தை இப்படிக் குடுங்கம்மா. துருப்பிடிச்சுக் கிடக்கு, எண்ணெய் போட்டுத் தரேன்."

மாலைக்குள் கதவு, டிக்கி, ஸ்டார்ட் பூட்டு மூன்றும் ஒரே சாவிக்குத் திறந்தன. "ரெண்டுதானே?" என்று தலைமையாசிரியர் வாங்கிக்கொண்டார்.

"ரெண்டேதாங்க."

சாவிக்கொத்து அந்த அம்மா கைக்குத் திரும்பியபோது, அதில் புதிதாக ஒன்று மின்னியது. அவர் சட்டென்று தலைப்பால் மூடிக்கொண்டார்.

"சரி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கறேன்" என்று படியிறங்கினார் தலைமையாசிரியர். அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. முந்தின நாள் அவசரமாக இறங்கியவர், தன் கால் எட்டுவதற்காக இழுத்துப்போட்ட இருக்கையைப் பின்னால் தள்ள மறந்திருந்தார்.

"ஒரு நிமிஷங்க, ஸ்க்ரூ ஒண்ணு உள்ள விழுந்துடுச்சு!" மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்து கார்க் கதவைத் திறந்தார். குனிந்தார். பலமாக இருமினார். இருமிக்கொண்டே, ஆறடி மனிதர் காலை நீட்டுமளவுக்கு அந்த இருக்கையைப் பின்னால் தள்ளினார்.