ஏழாம் நம்பர் ஹெல்மெட்

என் வீட்டுக்காரரை எல்லோரும் விசில் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, படித்து நல்ல வேலையில் இருக்கிற பெரிய மனிதர்களைச் சேற்றில் தவழ வைப்பது அவர் தொழில். கம்பெனிகளிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டு பேராக வேனில் வந்து இறங்குவார்கள். கயிற்று வலையில் ஏறுவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடப்பார்கள். காலி டிரம்களையும் பலகைகளையும் சேர்த்துக் கட்டி, அந்த மிதவையில் ஏறிப் பழைய கல்குவாரித் தண்ணீரைக் கடப்பார்கள். மாலையில் எல்லோரும் ஒரே குடும்பமாகிவிட்டதாக இவர் அறிவிப்பார். கூட்டிக்கொண்டு வந்த மேனேஜருக்குக் கண் கலங்கும்.

ஒற்றுமைப் பாடம் நடத்துகிறவரின் பூர்வ கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்பு இவர் ஒரு டயர் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தார். அந்த அறையில் இவரோடு சேர்த்து மொத்தம் நான்கு பேர். இரண்டு பேரோடு பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாமவரோடு சண்டை போடுவதற்குள் வேலையை விட்டுவிட்டார். மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தொடங்கிய தகராறு அது. வீட்டுக்கு வந்து, மனிதர்களுக்குச் சேர்ந்து வேலை செய்யத் தெரியவில்லை, யாராவது சொல்லித் தர வேண்டும் என்று வருத்தப்பட்டார். அந்த யாராவது தான்தான் என்று முடிவு செய்ய அவருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அது ஆயிற்று பதினோரு வருஷம். தண்ணீர் பாட்டில், முதலுதவிப் பெட்டி, ஹெல்மெட் மூன்றும் என் பொறுப்பு. பன்னிரண்டு ஹெல்மெட்டிலும் சிவப்பு பெயின்டால் நம்பர் எழுதியவள் நான்தான். யாருக்கு எந்த நம்பர் என்று காலையில் ஒரு தாளில் பெயரோடு குறித்துக்கொள்வார். அதற்கப்புறம் அவருக்கு மனிதர்கள் கிடையாது, நம்பர்தான். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்றாம் நம்பர் துணிச்சலானவர், ஒன்பதாம் நம்பர் பயந்தாங்கொள்ளி என்று எழுதிக்கொண்டே இருப்பார். மறுநாள் நம்பருக்கு நேரே உள்ள பெயரைப் போட்டு, ரிப்போர்ட் என்று கம்பெனிக்கு அனுப்புவார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். மதியம் சாப்பிடப் போகும்போது எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போடுவார்கள். நான் வியர்வையைத் துடைத்து வைப்பேன். சாப்பிட்டு வந்ததும் அவரவர் கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். காலையில் நான்காக இருந்தவர் மதியம் ஒன்பதாகிவிடுவார். இரண்டாம் வருஷமே இதை இவரிடம் சொன்னேன். "நீ பாட்டில்ல தண்ணி இருக்கான்னு மட்டும் பாரு" என்றார். பார்த்தேன், இருந்தது. கூட இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது இவர் தினமும் நடத்தும் முதல் பாடம்.

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில், அட்டைப்பெட்டி கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வீடு தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பேக்கிங் பிரிவில் பத்தொன்பது வருஷமாக மேற்பார்வையாளர். இரண்டு வாரத்துக்கு முன் எங்களிடம் வந்துபோன குழுவில் இருந்தவர். கம்பெனியில் இரண்டு பேக்கிங் பிரிவுகளை ஒன்றாக்கப் போகிறார்களாம். ஒரு மேற்பார்வையாளர் போதும். யாரை வேலையை விட்டு அனுப்புவது என்ற பட்டியலை வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார்கள், இப்போதைக்கு அதில் தன் பெயர் இருக்கிறது என்றார். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் வீட்டுக்காரர் எழுதியது. "ஏழாம் நம்பர்: மதியத்துக்குப் பிறகு மிதவையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் துடுப்புப் போடுவதை வேடிக்கை பார்த்தார். கூட்டு வேலைக்குப் பொருத்தமில்லாதவர்." கீழே மேனேஜரின் கையெழுத்து.

அந்த அம்மா சத்தம் போடவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உட்கார்ந்திருந்தது நானா சார்?"

இவர் ஃபைலைப் பிரித்து, தாளைக் காட்டி, ஏழுக்கு நேரே உங்கள் பெயர்தானே இருக்கிறது, நான் என் கண்ணாலேயே பார்த்தேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் அன்றைக்கு எடுத்த படத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். தினமும் நாலு மணிக்கு ஹெல்மெட்டோடு எல்லோரையும் நிற்க வைத்து வெற்றிப் படம் ஒன்று எடுப்போம். அதில் ஏழாம் நம்பர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, துளி ஈரம் படாமல் நின்றவர் மேனேஜர். காலையில் அவருக்குக் கொடுத்த மூன்றாம் நம்பர் தலையை இறுக்கியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டுவிட்டார். மூன்று இந்த அம்மா தலைக்கு வந்துவிட்டது. படத்தில் அவர் இடுப்பு வரை நனைந்து நின்றார்.

மூன்றாம் நம்பருக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று நானே ஃபைலில் பார்த்தேன். கழன்றுபோன டிரம்மைத் தண்ணீரில் குதித்துப் பிடித்துக் கட்டினார், பிறவித் தலைவர் என்று இருந்தது. நேரே மேனேஜரின் பெயர்.

இவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் இவர் வாயடைத்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. நானும்தானே ஒரு தடவை சொல்லிவிட்டு, ஒன்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டு ஹெல்மெட் துடைத்தேன்?

மேனேஜருக்குப் போனில் சொல்லிவிடுகிறேன் என்றார் இவர். நேரில் போகலாம் என்றேன். வியாழக்கிழமை காலையில் இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அப்புறம் வண்டியில் காற்று இல்லை. வருஷத்துக்கு நாலு குழு அனுப்புகிற கம்பெனி என்று ஞாபகப்படுத்தினார். முப்பதடி உயரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து, பயம் என்பது வெறும் எண்ணம் என்று கீழே நின்று கத்துகிறவர் இவர். நான் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டு வந்தேன்.

கம்பெனியில் மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். நாங்கள் கொடுத்த வெற்றிப் படத்தைச் சட்டம் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். என் வீட்டுக்காரர் கருத்துப் பரிமாற்றத்தில் ஆரம்பித்தார். நம்பிக்கைக்குப் போனார். அங்கிருந்து மதிய வெயில் பற்றி ஏதோ சொன்னார். கால் மணி நேரம் சுற்றி வளைத்த பிறகு, ரிப்போர்ட்டில் ஏழாம் நம்பர் விஷயத்தில் ஒரு சின்னத் தவறு, ஹெல்மெட் மாறிவிட்டது, உட்கார்ந்திருந்தது அந்த அம்மா இல்லை என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

"அப்ப ஏழு யாரு?" என்று கேட்டார் மேனேஜர்.

இவர் கை தானாகக் கழுத்துக்குப் போய் விசிலைத் தேடியது. விசில் வீட்டில் இருந்தது. சரி, நாம்தான் சொல்லியாக வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன்.

"நீங்கதான் சார்" என்றார் இவர். "படம் உங்க பின்னாடியே இருக்கு."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் என் மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதை மறைப்பதற்கில்லை. அப்புறம் மேனேஜர் இரண்டு ரிப்போர்ட்டையும் வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னார். இவர் அங்கேயே உட்கார்ந்து, அந்தக் குழுவைப் பற்றித் தான் எழுதிய எதையும் வைத்து யாரையும் எடை போடக் கூடாது என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். ஒரு நகல் கம்பெனி முதலாளிக்குப் போகும் என்று நான் சொன்னேன். மேனேஜர் பட்டியலிலிருந்து அந்த அம்மாவின் பெயரை எங்கள் கண் முன்னாலேயே அடித்தார். இனி எங்கள் பக்கம் வேன் வராது என்பதையும் மிக மரியாதையாகத் தெரிவித்தார்.

அந்த அம்மா வாசலில் காத்திருந்தார். பெயரை அடித்தாயிற்று என்று நான் சொன்னதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். இவர் மெல்ல நிமிர்ந்து, தொண்டையைக் கனைத்து, மன்னிப்பைப் பற்றிப் பேச ஆயத்தமானார். அதற்குள் அந்த அம்மா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? பதினோரு வருஷமா உங்ககிட்ட வந்தவங்க எல்லாரும் மத்தியானம் சாப்பிட்டாங்கதானே?"

இவர் போய் வண்டியைக் கிளப்பினார்.

சனிக்கிழமை குழு எதுவும் இல்லை. காலையிலேயே இரும்பு பீரோவைத் திறந்து, முதல் வருஷத்து ஃபைலையும் அதோடு சேர்ந்த படங்களையும் எடுத்துத் தரையில் பரப்பினார். ரிப்போர்ட்டுகளில் ஒன்றை எடுத்து வாசித்தார். "ஒன்பதாம் நம்பர்: பயந்த சுபாவம். பொறுப்பு எதையும் ஒப்படைக்க வேண்டாம்." காலையில் ஒன்பதாக இருந்த பையன் படத்தில் எங்கே என்று, படத்தின் பின்னால் எழுதியிருந்த பெயர்களை வைத்துத் தேடினோம். இரண்டாம் நம்பர் ஹெல்மெட்டோடு, ஓரமாக நின்று, பக்கத்து ஆளின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவன் இப்ப எங்க இருக்கான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அவர் அந்தப் படத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.