ஆறாவது போட்டிக்கு அழைக்கப்படாத பெயர்

என் அம்மா தெய்வாத்தாள், பெருமாட்டி ஊர்ப் பால் சங்கத்தில் இருபத்தாறு வருடம் பால் அளந்தாள். காலைப் பால் வண்டி போனதும் தோப்புக்குப் போவாள். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டி உயரம் தாண்டுவாள்.

ஹெப்டத்லான் என்பது இரண்டு நாளில் ஏழு போட்டி. புள்ளிகளைக் கூட்டி ஒரே மொத்தம். கல்லூரியில் ஆறு போட்டி முடித்து, ஏழாவதுக்கு முன் காய்ச்சலில் விழுந்தவள். ஐம்பத்திரண்டு வயதில் மூத்தோர் போட்டிக்குப் பெயர் கொடுத்தது அந்த மொத்தத்துக்காகத்தான்.

முதல் நாள் நான்கு முடிந்தன. மறுநாள் காலை நீளம் தாண்டுதல். அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது.

"குதிக்கோணுமா சாமி?"

நான் பாலம் கட்டும் பொறியாளன். செல்பேசியில் கணக்குப் போட்டேன். "இதுல பூஜ்யம் வந்தாலும் மூணாவது எடம்மா. உட்காருங்க."

"எடம் கெடக்குது. கடைசீல மொத்தம் வருமா?"

"வரும்."

"இஞ்சினியரு சொன்னாச் செரி."

உட்கார்ந்தாள். ஈட்டி எறிய அழைத்தபோது அவள் பெயர் இல்லை. நடுவர் ஜிபியிடம் ஓடினேன்.

"லாங் ஜம்ப்புக்கு எறங்கலியே சார். ஒண்ணுல எறங்கலைன்னா போட்டிய விட்டதா கணக்கு. மொத்தம் கெடையாது."

"கால் வீக்கம்..."

"ஒரு தடவ ஓடிவந்து கோட்ட மிதிச்சு ஃபவுல் ஆக்கியிருந்தா மதி, அது போதும். பூஜ்யம் வரும், பேரு நிக்கும். அம்மாகிட்ட யாரு சொன்னது உட்காரச் சொல்லி?"

விதிப்புத்தகத்தில் அது ஒரே பத்தி. நான் புள்ளிப் பட்டியலை மட்டும் படித்திருந்தேன்.

எண்ணூறு மீட்டரை மற்றவர்கள் ஓடினார்கள். அம்மா காலணியைக் கழற்றிவிட்டு, கடைசி ஆள் முடிக்கும்வரை பார்த்தாள்.

பேருந்தில் சொன்னாள்: "பாலங்கட்டறப்பவாச்சும் ஆரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுக்க கண்ணு. அதுல சனம் போகோணும்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மறுவருடத்துக்கு அவளே படிவம் நிரப்பி அனுப்பினாள். தை மாதம் பால் சங்கத்து வாசலில் மாரடைப்பு. நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

நேற்று ஜிபி போனில் கூப்பிட்டார். இந்த வருடப் பட்டியலில் அம்மா பெயரைப் பார்த்தாராம்.

"கால் எப்படி இருக்கு அம்மாவுக்கு? முடியாத ஐட்டத்துல சும்மா ரெண்டடி ஓடினாப் போதும்னு சொல்லுங்க. இந்தத் தடவ நானே கூப்பிட்டு நிறுத்திக்கறேன்."

பெயரை எடுத்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார். சொன்னேன்.