ஆறு கட்டை

"வாத்தியாரே, சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கலாமுங்களா?" இன்று ஒத்திகையில் ஆர்மோனியக்காரர் என்னிடம் கேட்டதும் அப்பா நினைவுக்கு வந்தார்.

கடத்தூரில் நாடகக் குழு நடத்திய அப்பாதான் அப்போது வாத்தியார்; மேடையில் எப்போதும் அவர்தான் ராஜா. பதினைந்து வயதில் எனக்குத் தோழி வேஷம். பாவாடை கட்டவைத்த கோபத்தில் ஒருநாள் அன்றைய ஆர்மோனியக்காரரிடம், "அப்பா ஆறு கட்டையில வாசிக்கச் சொன்னாருங்க" என்று பொய் சொன்னேன். வாத்தியார் சொல்லுக்கு அவர் மறுபேச்சுப் பேசாதவர். வழக்கமாக ஐந்து கட்டையில் பாடும் ராஜா, மேடையில் சேவலாகக் கூவினார்.

"மந்திரி, ராசாவுக்குச் சுக்குக்கசாயம் குடுய்யா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

அப்பா சுருதியைச் சந்தேகிக்கவில்லை; தன் தொண்டையைத்தான் சந்தேகித்தார். மறுநாளே கிரீடத்தை என் தலையில் வைத்து, "எனக்கு வயசாயிடுச்சுடா, இனிமே நீ பாடு" என்றார்.

அவருக்கு வயது நாற்பதுதான். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. பாடத்தான் திறந்தேன், ஐம்பது வருடமாக.