கடைசி இடத்தை எவருக்கும் விட்டுக்கொடாத நாய்

ஐயா, அம்மணி,

வணக்கம். இதை வாசிக்க எடுத்த தங்களுக்கு முதற்கண் என் நன்றி. நான் கல்லூரி சென்று கற்றவனல்லன். ஐந்தாம் வகுப்போடு நின்று, பின்னர் ஒரு பாடசாலையில் சிற்றூழியனாகச் சேர்ந்து, அங்கே கழித்து ஒதுக்கிய புத்தகங்களையும் ஆசிரியர்கள் வாசித்து மடித்துவைத்த பத்திரிகைகளையும் படித்து எழுதப் பழகியவன். வசனங்களில் பிழை இருக்கலாம். விடயத்தில் பிழையில்லை.

விடயம் ஒரு நாயைப் பற்றியது. யுத்த காலத்தில் எங்கள் பாடசாலை அகதிமுகாமாக இருந்தபோது வந்து, முகாம் கலைந்த பின்னும் போக இடமின்றி நின்ற நாய் அது. அதற்கு ஒரு நிரந்தர வீடு தேடி நான் அலைந்த கதையே இது.

எங்கள் பாடசாலை மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், களுவாஞ்சிக்குடிக்கு அண்மையில் இருந்தது. அங்கே மணி என்பது புளியமரக் கிளையில் சங்கிலியால் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. ரயில் ஓடாத அந்நாளில் தண்டவாளத்துக்கு அந்த வேலையாவது கிடைத்தது. அதை இரும்புக் கம்பியால் அடிப்பது என் கடமை.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சண்டை மூண்டபோது, சனங்கள் தோணிகளிலும் மாட்டு வண்டிகளிலும் இக்கரைக்கு வந்தார்கள். பாடசாலை மூடப்பட்டு, வகுப்பறைக்கு நான்கு குடும்பங்கள் என்ற கணக்கில் குடியேறின. அவற்றுள் ஒரு வண்டியின் கீழ், அச்சாணியின் நிழலை விட்டு விலகாமல் நடந்து வந்தது அந்த நாய். செம்மண் நிறம். இடது காது மடிந்திருக்கும். யாருடைய நாய் என்று அன்று எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதைவிடப் பெரிய கேள்விகள் இருந்தன.

முகாமில் நாளுக்கு மூன்று தடவை நான் மணியடிப்பேன். சனங்கள் கோப்பையோடு வரிசையில் நிற்பார்கள். சோறு பகிர்ந்தவர் அக்கரையிலிருந்து வந்த ஓர் அக்கா. முதல் நாள் நாய் நேரே சோற்றுக் கிடாரத்தடிக்குப் போனது. அக்கா அகப்பையை ஓங்கினார்.

“பின்னால போ! உனக்கு முந்தி வந்த சனம் நிக்குதெல்லோ!”

நாய் அவர் முகத்தைப் பார்த்தது, வரிசையைப் பார்த்தது, நடந்து போய்க் கடைசியில் நின்றது. வரிசை நகர நகரத் தானும் நகர்ந்தது. அவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிரேன். யாராவது சுணங்கி வந்து அதற்குப் பின்னால் நின்றால், அது உடனே விலகி அவருக்கும் பின்னால் போய் நிற்கும். கடைசி இடம் தனக்கே உரியது என்று முடிவு செய்துவிட்டது. முகாம் இருந்த இரண்டு வருடமும் அந்த முடிவை மாற்றவில்லை.

ஒருநாள் கிராம சேவையாளர் ஆட்களை எண்ண வந்தார்.

“இதையும் சேத்து எழுதட்டா?” என்றார், சிரித்துக்கொண்டு.

“எழுதுங்க ஜீ.எஸ். ஐயா,” என்றார் அக்கா. “இந்த முகாமில வரிசை குழப்பாத ஒரே ஆள் இதுதான்.”

அக்கரை ஓரளவு அமைதியானதும் சனங்களை ஏற்ற லொறிகள் வந்தன. மூட்டை முடிச்சுகளோடு வரிசையில் நின்று ஏறினார்கள். நாயும் கடைசியில் நின்றது. அதற்கு முன்னால் நின்ற பெரியவர் ஏறியதும் லொறி நிறைந்துவிட்டது. பின்கதவைத் தூக்கிக் கொளுவிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். வண்டிக்காரக் குடும்பம் அதை அக்காவின் நாய் என்று எண்ணியது. அக்கா அதைப் பாடசாலை நாய் என்று எண்ணினார். நானோ அதை வண்டிக்காரருடையது என்று எண்ணி, யாரேனும் கிறுகித் திரும்பி வருவார்கள் என்று மூன்று நாள் வாசற் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

பாடசாலை மீண்டும் திறந்த நாளன்று முதல் மணி அடித்தேன். பிள்ளைகள் காலைக் கூட்டத்துக்கு வரிசையாக நின்றார்கள். அதிபர் அம்மா மேடையில் நின்றபடி என்னை விரலால் அழைத்தார்.

“இது என்ன?”

“நாய், அம்மா.”

“நாயெண்டு எனக்கும் தெரியுது. ஏன் முதலாம் வகுப்பு வரிசையில நிக்குது?”

“அந்த வரிசைதான் அம்மா கடைசி வரிசை.”

அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் கண்டேன். ஆனால் பொறுப்புள்ள மனிதர். தேவாரம் முடிந்ததும் என்னைத் தம் கந்தோர் மேசைக்கு அழைத்து விளக்கமாகச் சொன்னார். மாதமுடிவில் நாய்பிடி வண்டி வரப்போகிறது. யாரேனும் ஒருவர் பெயரில் பதிந்து கழுத்தில் தகடு கட்டிய நாயை விட்டுவிடுவார்கள். மற்றவற்றை ஏற்றுவார்கள். ஏற்றியவை திரும்பி வந்ததாக எவரும் சொன்னதில்லை.

“ஒரு பிள்ளையைக் கடிச்சா ஆர் பதில் சொல்றது? நான்தான். ரெண்டு கிழமை தவணை தாறன். ஒரு நல்ல வீடாப் பாத்துக் குடுங்க. இல்லாட்டி நானே நாய்பிடி வண்டிக்காரரிட்டச் சொல்ல வேண்டி வரும்.”

நான் குடியிருந்ததும் பாடசாலை வளவுக்குள் இருந்த ஓர் அறைதான். ஆகவே என் வீடும் அக்கட்டளைக்குள் அடங்கிவிட்டது.

முதலில் சந்தைக்கு அருகே ஒரு தையற்காரரிடம் கொடுத்தேன். வளவில் தேங்காய் களவு போகிறது என்று அவர் காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தார். மறுநாட் காலை மணியடித்த கை இறங்குமுன் நாய் முதலாம் வகுப்புக்குப் பின்னால் நின்றது. தையற்காரர் சைக்கிளில் பின்னாலேயே வந்தார்.

“அண்ணன், இது காவலுக்குச் சரிவராது. கடைக்கு வந்த ஆக்களுக்குப் பின்னால போய் நிண்டதுதான் வேலை. களவெடுக்க வாறவன் வந்தாலும் அவனுக்குப் பின்னால நிண்டு தேங்காய் கேக்கும் போல.”

“சாப்பிட்டதா?”

“சோறு வைச்சன். மணந்தும் பாக்கல்ல.”

தவறு தூரத்தில் என்று எண்ணினேன். மணியோசை கேளாத இடமாக இருந்தால் சரிவரும் என்று, பெரியகல்லாற்றில் எனக்குத் தெரிந்த மீன்பிடிகாரர் ஒருவரிடம் சைக்கிள் பின்காரியரில் பெட்டி கட்டி ஏற்றிப் போனேன். மூன்றாம் நாள், பதினொரு மணி இடைவேளைக்குப் பிள்ளைகள் பிஸ்கட் வாங்க வரிசையில் நின்றபோது, சேற்றுக் கால்களோடு அது கடைசியில் நின்றது. அந்த மனிதர் பிற்பகல் தேடி வந்தார்.

“பொரிச்ச மீன் போட்டனான், அண்ணன். எங்கட வீட்டில எனக்கே அது ஞாயிறுக்கு ஞாயிறுதான். தலையைத் திருப்பிக்கொண்டு படுத்திட்டு. பெரிய இடத்து நாய் போல!”

என் மனைவி இதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாயைப் பற்றி அதுவரை அவர் ஒன்றும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் என்னைப் பற்றித்தான்.

“ரெண்டு வருசம் மணியடிச்சுப் பழக்கினது நீங்க. இப்ப நாயில குத்தம். இஞ்ச வாங்க எல்லாரும்!”

அவர் எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளின் கையிலும் கோப்பையைக் கொடுத்து, என்னையும் அவர்களுக்குப் பின்னால் நிறுத்தினார். நாய் எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றது. எல்லோருக்கும் சோறு போட்டுக் கடைசியாக அதற்கும் ஒரு பிடி போட்டார். மூன்று நாட் பசியை மூன்று வாயில் தின்று முடித்தது.

“பாத்தீங்களா? அதுக்குச் சோறு ஆர் போட்டாலும் ஒண்டுதான். முன்னால நாலு சனம் நிக்கோணும்.”

“அப்பிடியான வீடு எங்க தேடுறது?”

“அது எனக்குத் தெரியாது. தினமும் இந்தக் கூத்து ஆட என்னால ஏலா.”

தவணையில் மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. முகாமில் சோறு பகிர்ந்து, இப்போது அக்கரையில் இருக்கும் அக்காவிடமே கொண்டுபோய் விடுவது என்று தீர்மானித்தேன். அகப்பையைக் கண்டாலாவது தங்காதா என்பது என் நம்பிக்கை. சனிக்கிழமை காலை கழுத்தில் கயிறு கட்டித் துறைக்கு நடத்திப் போனேன்.

அந்தத் துறையில் இயந்திரம் பூட்டிய ஓர் அகன்ற மிதவை ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரைக்கு ஏற்றிச் செல்லும். எங்கள் பக்கத்தில் அதற்குப் ‘பாதை’ என்றே பெயர். ஏறுமுன் மண்மூட்டை அடுக்கிய இராணுவச் சாவடியில் வரிசையாக நின்று ‘ஐசி’ என்னும் அடையாள அட்டை காட்ட வேண்டும். வரிசையைக் கண்ட மாத்திரத்தில் நாயின் வால் ஆடத் தொடங்கியது. பல நாட்களுக்குப் பிறகு தன் ஊரைக் கண்டதுபோல.

நாங்கள் கடைசியில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் வந்தார். நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனது. கயிறு என் கையில் இருந்தபடியால் நானும் போனேன். பின்னர் சைக்கிளில் இருவர் வந்தார்கள். மீண்டும் பின்னால். பாதை ஒரு முறை போய் வந்தது. இரண்டாம் முறையும் போய் வந்தது. துறைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நானும் நாயும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.

சாவடியில் நின்ற இளம் சிப்பாய் இதை வெகுநேரம் கவனித்திருக்க வேண்டும். தெரிந்த தமிழில் கேட்டார்:

“ஐயா போறது இல்ல?”

“நான் போவன், தம்பி. இது விடுதில்ல.”

அவர் குனிந்து நாயைப் பார்த்தார். “இது ஐசி இருக்கா?” என்று கேட்டுத் தாமே சிரித்தார். அந்தச் சாவடியில் வரிசை முழுவதும் சேர்ந்து சிரித்ததை நான் கண்டது அன்று ஒருநாள்தான்.

நண்பகலில் ஆட்கள் வரத்து ஓய்ந்தது. எல்லோரும் ஏறிய பிறகு, நாய் தன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, திருப்தியோடு பாதையில் ஏறியது. பாதைக்காரர், தடித்த குரலும் வெயிலில் கறுத்த தோள்களும் உடைய மனிதர், சுக்கானைப் பிடித்தபடி என்னை அழைத்தார்.

“அண்ணன், காலமையிலிருந்து பாக்கிறன். இது ஏன் எல்லாருக்கும் பின்னால பின்னால போகுது?”

நான் முகாமிலிருந்து தொடங்கி முழுவதும் சொன்னேன். அவர் வாவியின் நடுவில் இயந்திரத்தைக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இஞ்ச பாருங்க அண்ணன். அந்த மண்மூட்டை மறைப்பில வரிசையிர முடிவு எனக்குத் தெரியிறல்ல. எல்லாரும் ஏறியாச்செண்டு நினைச்சு எடுத்திருவன். அங்கால ஒரு கிழவி கையைக் காட்டிக்கொண்டு நிப்பா. அஞ்சு மணிக்குக் கடைசிப் பாதை. விட்டா மறுகா விடிஞ்சு காலமைதான். பொழுதுபட்டா அந்த இடத்தில ஒரு மனிசரும் நிக்கேலா. போன கிழமை ஒரு பிள்ளைத்தாச்சியை விட்டுட்டு வந்திட்டன். அடுத்த நாள் அவட தாய் வந்து பேசின பேச்சு…”

“அதுக்கு?”

“இது ஏறினா எல்லாரும் ஏறியாச்செண்டு அர்த்தம்தானே? என்னட்ட விட்டுட்டுப் போங்க.”

நான் தயங்கினேன். அக்காவுக்கென்று கொண்டுவந்த நாய் என்றேன்.

“அந்த அக்கா கிழமையில ரெண்டு தரம் என்ர பாதையிலதான் வாறா. வேணுமெண்டா நீங்களே கேளுங்க.”

“பதிய வேணும். தகடு வேணும்.”

“திங்கட்கிழமை நானே போய் என்ர பேரில பதிவன்.”

“சாப்பாடு?”

“துறையடித் தேத்தண்ணிக் கடையில நாங்க பாதை ஆக்கள் நாலு பேரும் வரிசையா நிண்டுதான் சோத்துப் பார்சல் வாங்கிறம். அஞ்சாவதா நிக்கட்டும்.”

அதற்கு மேல் கேட்க என்னிடம் கேள்வி இருக்கவில்லை. மாலையில் அதே பாதையில் இக்கரை திரும்பினேன். கயிற்றை அவிழ்த்து என் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தேன். நாயும் என்னைப் பின்தொடரவில்லை. அதற்கு வரிசை இருந்தது.

திங்கட்கிழமை காலை மணியை வழமையைவிடச் சற்று மெதுவாக அடித்தேன் என்று அதிபர் அம்மா சொன்னார். முதலாம் வகுப்பு வரிசையின் முடிவில் ஒரு சின்னப் பெண்பிள்ளை மட்டும் நின்றாள். அவளும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். புதன்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை நாய்பிடி வண்டி எங்கள் படலையைத் தாண்டிப் போனது.

அதன்பின் பல மாதம் சென்று, ஒரு மரணவீட்டுக்காக அக்கரை போகவேண்டி வந்தது. வீட்டிலிருந்து புறப்படச் சுணங்கிவிட்டேன். துறைக்கு ஓடி வரும்போது நேரம் ஐந்தைத் தாண்டியிருந்தது. சாவடிக்கு அப்பால் பாதையின் இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டது. தவறவிட்டேன் என்றே எண்ணினேன்.

வரிசையில் எஞ்சியிருந்தது நாய் ஒன்றே. கழுத்தில் தகடு மின்னியது, உடம்பும் வைத்திருந்தது. ஏறுவதற்கு முன்காலைப் பலகையில் வைத்தபடி வழக்கம்போல் திரும்பிப் பார்த்தது. என்னைக் கண்டதும் காலை எடுத்துவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்து, என் கையை ஒருமுறை நக்கி, என்னைச் சுற்றி எனக்குப் பின்னால் போய் நின்றது.

“நாய் ஏறிட்டா?” என்று பாதைக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்.

“இன்னும் இல்ல!” என்றார்கள் பாதையில் நின்ற சனங்கள், ஒரே குரலில்.

“அப்ப ஆரோ வாறாங்க. பொறுங்க!”

நான் ஏறினேன். அது ஏறியது. பாதை புறப்பட்டது.

பின்னாளில் அது அந்தத் துறையிலேயே முதுமையடைந்து இறந்ததாகப் பாதைக்காரர் சொல்லியனுப்பினார். முகாம் பதிவேட்டிலோ பாடசாலைப் பதிவேட்டிலோ அது இடம்பெறவில்லை, ஜீ.எஸ். ஐயா அன்று சிரித்துவிட்டு எழுதாமலே போய்விட்டார். ஆகையினால் நான் எழுதினேன். இக்கடதாசிகளை எறிந்துவிடாமல் தங்களிடம் ஓரிடத்தில் வைத்திருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.