அம்மா உறங்கிய ஸ்டேஷன்

மோர்டனில் பக்கத்து வீட்டுக்காரர் பூப்பாத்திக்கு அண்டை கொடுத்திருக்கும் பழைய தண்டவாளச் சிலிப்பர் கட்டைகள் வெயிலில் தார் மணக்கும்போதெல்லாம், எப்போதோ மூடி இடித்து மாடிவீடுகள் கட்டிவிட்ட அந்தச் சின்ன ரயில் நிலையத்துக்குள் போய்விடுகிறேன். ஒரு துப்புரவு வேலை முடித்து அடுத்ததற்குப் போகும் அம்மா, அங்கே மர வாங்கில் கைப்பையை அணைத்தபடி உறங்குவாள். தண்டவாளம் முனகத் தொடங்கியதும் எழுப்புவது பள்ளி விடுமுறையில் என் வேலை. பிந்தினால் அவளுக்கு அடுத்த வேலை போய்விடும் என்று தெரிந்தும் ஒருநாள் எழுப்பவில்லை. ரயில் வந்து, நின்று, போனது.

"என்ன பிள்ளை, ரயில் வந்திட்டுதோ?" என்று அம்மா விழித்தாள்.

"இன்னும் வரேல்லை அம்மா."

இறங்கியவர்கள் படியேறிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

"அப்ப இன்னும் கொஞ்சம் கிடக்கிறன்."

இப்போது நானும் மாலை ஷிப்டுக்குச் சப்பாத்து மாட்டுகிறேன். எனக்கு அந்தப் பொய்யைச் சொல்ல இங்கே ஆளில்லை.