அசையாத முள்

பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதற்கு மறு வருடம் அது. அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன எங்கள் கன்றுக்குட்டியை மாதனூரில் யாரோ பிடித்துக் கட்டி வைத்திருந்தார்கள். அது வேறு கதை.

ஆலங்காயத்தில் அத்தைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க, சித்தப்பாவின் வாடகைக் காரில் ஆம்பூரிலிருந்து கிளம்பினோம். வீடு பிடித்தால் அங்கே கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்கள். இதற்கெல்லாம் பெண் போகிற வழக்கமில்லை. அத்தை பிடிவாதமாக ஏறிக்கொண்டாள். ராகுகாலம் பிறக்குமுன் போய்ச் சேராவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று தாத்தா சொல்லிவிட்டார்.

முன்சீட்டில் நான். என் கண் ஹீட் மீட்டர் முள்ளின்மேல்தான். இஞ்சின் சூடு அதற்கு எப்படித் தெரியும் என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

"உள்ள ஒரு பல்பு சொருகிக்கீது. தண்ணி சூடானா அது ஒயர்ல சேதி சொல்லும், முள்ளு ஏறும்."

"வாணியம்பாடியே தாண்டிட்டோம், ஏறவே இல்லியே?"

"ஏறலன்னா நல்லதுடா. இஞ்சின் குளுகுளுன்னு கீது."

"கண்ணாடில மூஞ்சி பாக்கறத விட்டுட்டு, பையன் இன்னா கேக்கறான்னு பாருண்ணா" என்றாள் பின்னாலிருந்து அத்தை.

ஆலங்காயம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பானெட்டிலிருந்து புகை புகையாக ஆவி கிளம்பியது. வண்டி நின்றது. அப்போதும் முள் படுத்தே கிடந்தது.

ஆறும்வரை காத்திருந்து, சித்தப்பா அந்தப் பல்பைக் கழற்றினார். சிமெண்ட் பூசினது போல அதன்மேல் வெள்ளையாக ஒரு ஓடு. உள்ளே கொதிக்கிற சூடு அந்த ஓட்டைத் தாண்டிப் போகவே இல்லை. நான் ஒரு துணுக்கைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டேன். கரித்தது.

"இன்னா தண்ணிண்ணா ஊத்தன?" என்றாள் அத்தை.

"நம்ம கெணத்துத் தண்ணிதான். ஆத்துக்கு அந்தாண்டேர்ந்து நீ தலைல தூக்கியார்ற தண்ணியயா வண்டிக்கு ஊத்துவாங்க?"

தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டிய கிணறு எங்களுடையது; அதன் உப்பு இறங்கி, வாயில் வைக்க முடியாத தண்ணீர். எங்கள் தெருவில் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அத்தை அந்தப் பல்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா பேஜாரு இது. வீட்டுக்குத் திரும்பலாம்" என்றார் தாத்தா.

"நேரம் கீதுப்பா. நடங்க" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை முன்னால் போனாள்.

ராகுகாலம் பிறக்குமுன் போய்விட்டோம். மாப்பிள்ளை எதிரில்தான் நின்றார். அத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு கேட்டு வாங்கி, மெதுவாகக் குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள். பிறகு தாத்தாவிடம் தணிந்த குரலில், "கை நனைங்கப்பா" என்றாள்.

வெயிலில் நடந்த தாகம் என்றுதான் நான் நினைத்தேன்.

அத்தையின் பேத்தி இப்போது சொந்தமாகக் கார் ஓட்டுகிறாளாம். அந்தப் பக்கம் போனால் அவளிடம் சொல்லுங்கள்: முள் ஏறினால் மட்டுமல்ல, ஏறவே இல்லை என்றாலும் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். அவள் பாட்டி எதைப் பார்க்க அந்த ஊருக்கு வந்தாள் என்பதையும் சொல்லுங்கள்.